அவர் போகாத ஊரின் படம்

செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் கண்காணிப்பில் இருந்தேன். கைபேசியை அலுவலகத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், அலுவலக உதவியாளர் வந்து ஜன்னல் வழியாகச் சொன்னார். "சார், நம்ம பூங்கோதை மேடம் தவறிட்டாங்களாம். காலையில காபி போட்டுக்கினு இருந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம். தியாகதுருகத்துல இருந்து போன் வந்துது." என் இடத்தில் நிற்க வேறு ஆள் இல்லை. மணி அடிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. முப்பத்தாறு பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 'சாதி அமைப்பின் இயல்புகளை விளக்குக' என்பது அன்றைய பெரிய கேள்வி. வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். நான் சொல்லி எழுதவைத்த ஆறு குறிப்புகளையும் அதே வரிசையில், அதே சொற்களில், எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பூங்கோதை இருந்திருந்தால், "இன்னா சார், முப்பத்தாறு பேரும் ஒரே தெருவுலயா பொறந்தாங்க?" என்று கேட்டிருப்பார். மணி அடிக்கும்வரை அந்த ஆறு குறிப்புகளோடு அங்கேயே அடைபட்டுக் கிடந்தேன்.

பூங்கோதையும் நானும் கள்ளக்குறிச்சியில் ஒரே கல்லூரியில், ஒரே சமூகவியல் துறையில், எதிரெதிர் மேசையில் இருபத்து மூன்று வருடம் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குள் நல்ல நட்பு இருந்தது என்று நான் எழுதினால், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் சிரிப்பீர்கள். எலியும் பூனையுமாகத்தான் இருந்தோம். நான் நோட்ஸ்காரன். ஜூன் மாதம் முதல் குறிப்பைச் சொல்ல ஆரம்பித்தால் மார்ச்சில் கடைசிக் குறிப்பில் நிறுத்துவேன். என் நோட்ஸைப் படித்தவர்கள் தோற்றதில்லை என்று எனக்கொரு தலைக்கனமும் உண்டு. அவரோ ஜூன் மாதம் முழுக்கப் புத்தகத்தையே திறக்க மாட்டார்.

ஆளுக்கொரு பெரிய வெள்ளைத்தாளைக் கொடுப்பார். ஒரு வாரம் உங்கள் ஊரில் உங்கள் கால் எங்கெல்லாம் போகிறதோ அத்தனையையும் கோடாகப் போடுங்கள் என்பார். புறப்படும் வீட்டுக்கு ஒரு வட்டம். ஓரிடத்துக்கு ஒரு நாள் போனால் ஒரு கோடு, மூன்று நாள் போனால் மூன்று கோடு. கால் போகாத இடத்தை வெள்ளையாக விட்டுவிட வேண்டும். கோயில், கிணறு என்று இடத்தைக் குறிக்கலாம், ஆள் பெயரோ ஊர்ப் பெயரோ எழுதக்கூடாது. ஏன் போகவில்லை என்று முதல் வாரம் யாரும் யாரையும் கேட்கக்கூடாது. "பாத்தத எழுதுங்க. நெனச்சத அப்பறம் எழுதிக்கலாம்" என்பார். மாணவர்கள் அதற்குக் 'கால் படம்' என்று பெயர் வைத்தார்கள். கால் படம் போட்டால் மார்க் வருமா என்று நான் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பேன். "மார்க் வராது சார். தூக்கம்தான் வராது" என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் குடிப்பார்.

ஒரு நாள் அவர் வகுப்பு வாசலைக் கடந்து போனவன் நின்றுவிட்டேன். ஒரே ஊரிலிருந்து வரும் இரண்டு மாணவர்களின் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். ஒருவன் ஊர்த் தெருக்காரன், மற்றவன் காலனிக்காரன். இருவரும் மூன்று வருடமாக ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரே சீட்டில் உட்காருகிறவர்கள். முதல் படத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில்தான் இரண்டாவது படத்தின் அத்தனை கோடுகளும் விழுந்திருந்தன. இரண்டாவதில் வெள்ளையாக இருந்த இடத்தில் முதலாவதின் கோடுகள். இரண்டு கோடுகள் சேர்ந்த இடம் பஸ் நிற்கும் இடம் மட்டும்தான். அந்த இரண்டு பையன்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வகுப்பில் யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். எனக்கு வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்கிறேன். நான் ஆறு குறிப்பில் சொல்லி முடிக்காததை அவர் இரண்டு தாளில் காட்டிவிட்டார்.

கல்வராயன் மலைக்குக் களப்பணிக்குப் போனபோதும் இப்படித்தான். நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை நான் தயாரித்திருந்தேன். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் மாணவர்கள் படிவத்தை நீட்டி உட்கார்ந்தார்கள். அவர் பத்துப் பன்னிரண்டு கேள்விக்குப் பதில் சொன்னார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார். "இத்தினி கேட்டீங்களே, இப்ப நான் கேக்குறேன். உங்க வூட்ல கக்கூஸு உள்ள இருக்குதா, வெளிய இருக்குதா? உங்கப்பா குடிப்பாரா? உங்கம்மாவ அடிப்பாரா?" மூன்றும் என் படிவத்தில் இருந்த கேள்விகள்தான். மாணவர்கள் தலை கவிழ்ந்தார்கள். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். பூங்கோதை அந்த அம்மாவுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். "வெளிய இருக்குதுங்க. எங்கப்பா குடிக்க மாட்டாரு, ஆனா அடிப்பாரு. கல்யாணத்துக்கு அப்பறம் நானும் ரெண்டு வருஷம் வாங்கினேன்ங்க. அப்பறம்தான் தனியா வந்துட்டேன்." பதினாறு மாணவர்கள் முன்னால் சொன்னார். அன்றிலிருந்து அவர் வகுப்பில் ஒரு விதி வந்தது. எந்தக் கேள்வியை ஊரில் கேட்கப்போகிறாயோ, அதற்கு முதலில் நீ பதில் எழுதிக் காட்ட வேண்டும். என் நாற்பது கேள்விப் படிவம் அடுத்த வருடம் பதினொரு கேள்வியாகச் சுருங்கியது.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் பதினொரு வருடமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அப்போது நம் ஊர் இன்னும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஒரு குழு சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. உங்கள் துறையில் புதிதாக என்ன செய்கிறீர்கள் என்று முதல்வர் கேட்டபோது, துறைத்தலைவனான என்னிடம் காட்ட எதுவும் இல்லை. குழுவினரை உளுந்தூர்பேட்டையில் எதிர்கொண்டு அழைத்துவரப் பூங்கோதை காலையிலேயே காரில் போயிருந்தார். கால் படங்களை அவர் எப்போதும் தன் பீரோவில் பூட்டித்தான் வைப்பார். வருடக் கடைசியில் யார் வரைந்தாரோ அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். பீரோவின் இன்னொரு சாவி என் மேசையில் இருந்தது. பெயர்தான் இல்லையே, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். இருபத்திரண்டு படங்களையும் எடுத்துத் துறையின் சுவரில் வரிசையாக மாட்டினேன். பார்க்க அழகாகவே இருந்தது.

குழுவினர் பெற்றோரையும் சந்திப்பார்கள் என்பதால், தைரியமாகப் பேசக்கூடிய சிலரை நானே போன் செய்து வரச் சொல்லியிருந்தேன். தியாகதுருகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து ஒரு மாணவியின் சித்தப்பா வந்தார். ஊர்ப் பெயரும் மாணவியின் பெயரும் இங்கே வேண்டாம். அவளுக்கு அப்பா இல்லை. சித்தப்பா வீட்டில்தான் வளர்ந்தாள், மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவரோடு அதே ஊரைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். சீக்கிரமே வந்துவிட்டதால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னா சார் இது, கோலமாட்டம் இருக்குது?" என்று சித்தப்பா கேட்டார். எனக்கு உற்சாகம். குழுவினரிடம் சொல்வதற்கு ஒத்திகையாக இருக்கட்டும் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"இந்த வட்டம்?"

"அது புறப்படுற வீடுங்க."

"இந்த மூணு கோடு?"

"வாரத்துல மூணு நாள் போறாங்கன்னு அர்த்தம்."

"போறாங்கன்னா, தெருவோடயா, வூட்டுக்குள்ளயா?"

"கோடு ஒரு கட்டத்துல முடியுது பாருங்க. அப்படின்னா உள்ளயே போறாங்க."

அத்தனை வருட வேலையில் ஒருவர் என் பாடத்தை அவ்வளவு கூர்ந்து கேட்டு, அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டது அன்று ஒரு நாள்தான். அவர் விரல் வட்டத்திலிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. "அரிசி மில்லு... கோயிலு... ஓடைப் பாலம்" என்று முணுமுணுத்தார். பாலத்தைத் தாண்டியதும் விரல் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் காலனி. அங்கே ஒரு சின்னக் கட்டம், அதில் போய் முடியும் மூன்று கோடுகள். அவர் என் பக்கம் திரும்பினார். முகம் வேறாக இருந்தது. "புள்ள எங்க சார்? டி.சி. போடுங்க. கையோட கூட்டிக்கினு போயிடறேன்."

கூட வந்தவர்களில் ஒருவர் போனை எடுத்துப் படத்தைப் படம் பிடித்தார். மற்றவர் மெதுவாகச் சொன்னார், "அந்த வூடு யாருதுன்னு நம்ம போயி பாத்துக்கலாம்."

அந்த வீடு யாருடையது என்று எனக்குத் தெரியும். அது அவளோடு படிக்கும் இன்னொரு மாணவியின் வீடு. இருவரும் சேர்ந்து படிப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று பேரின் முகத்தைப் பார்த்தபோது, இதைச் சொன்னால் எது குறையும், எது கூடும் என்று எனக்குப் பிடிபடவில்லை. படத்தைக் கழற்றலாமா என்று கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது.

பூங்கோதை அப்போதுதான் உள்ளே வந்தார். குழுவினரை முதல்வர் அறையில் விட்டுவிட்டு வந்திருந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னும் அந்தக் கட்டத்தின் மேலேயே இருந்த விரலைப் பார்த்தார்.

"அது நான் போட்ட படம்ங்க" என்றார்.

சித்தப்பா நம்பவில்லை. "எங்க ஊருக்கு நீங்க எப்ப வந்தீங்க?"

"வைகாசி மாசம்ங்க. மூணு நாளு வந்தேன். புள்ளைங்கள போடச் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு போட்டுக் காட்டணும் இல்லீங்களா?"

"எங்க வூட்ல இருந்து எதுக்கு ஆரம்பிச்சீங்க?"

"உங்க வூடுன்னு எனக்குத் தெரியாதுங்க. பஸ்ஸு மில்லாண்டதானே நிக்குது? எறங்கின எடத்துல வட்டம் போட்டேன்."

"அப்படியா? கோயிலுக்குப் பின்னாடி இன்னா இருக்குது, சொல்லுங்க."

சுவரில் இருந்த படத்தில் கோயிலுக்குப் பின்பக்கம் வெள்ளை. அந்தப் பெண்ணின் கால் அங்கே போனதில்லை. பூங்கோதை சுவரைப் பார்க்கவே இல்லை. "தூந்துபோன கெணறு ஒண்ணுங்க. பக்கத்துல பாதி கட்டி வுட்ட தண்ணி டேங்க்கு."

"டேங்க்க இடிச்சி ஒரு மாசம் ஆவுது."

"நான் வந்தப்ப இருந்துதுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஊரிலிருந்து எங்கள் வகுப்பில் ஐந்து பேர் படித்தார்கள். மற்ற நான்கு படங்களையும் சேர்த்துப் படித்து அவர் அந்த ஊரை மனதில் வைத்திருந்தார் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் எந்த விடைத்தாளையும் அப்படிப் படித்ததில்லை.

"அந்தக் காலனி வூட்டுக்குள்ள எதுக்குப் போனீங்க?"

"தண்ணி கேட்டேன்ங்க. குடுத்தாங்க, குடிச்சேன்."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும் வெயிலுதானேங்க."

"நீங்க எந்த ஊரு? யாரு வூட்டுப் பொண்ணு?"

"தியாகதுருகம்ங்க." இரண்டாவது கேள்வியை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

சித்தப்பா நெடுநேரம் அவரையே பார்த்தார். பிறகு விரலைச் சுவரிலிருந்து எடுத்தார். எடுத்ததும் கத்த ஆரம்பித்தார். "டீச்சருக்கு வேற வேலை இல்லியா? எங்க ஊருக்குள்ள பூந்து எவன் எங்க போறான்னு படம் போடறதுக்கு உங்களுக்கு யாரு பர்மிஷன் குடுத்தது?" கூட வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டி.சி. பேச்சு அதோடு போயிற்று. பூங்கோதை கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, "தப்புதாங்க, தப்புதாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளின் களக் குறிப்பில் ஒரு வரி இட்டுக்கட்டியிருந்தாலும், பார்த்ததை மட்டும் எழுது என்று நோட்டைத் திருப்பி எறிகிறவர் அவர். அன்று என் கண்ணெதிரே, ஒரு வரியும் தடுமாறாமல் அத்தனையும் பொய் சொன்னார்.

எழுத்தில் புகார் வந்தது. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார்கள். என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார்கள். படங்களைச் சுவரில் மாட்டியது யார்? அந்தப் படம் யாருடையது? "படங்கள் துறையில் இருந்தவை" என்று சொன்னேன். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை. அனுமதியில்லாமல் ஊருக்குள் போய்ப் பதற்றம் உண்டாக்கியதாகப் பூங்கோதைக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். மூன்று வருடம் களப்பணி கூடாது என்றார்கள். அடுத்த வருடம் அவருக்கு வர வேண்டிய துறைத்தலைவர் பொறுப்பு என்னிடமே தங்கிவிட்டது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விசாரணை முடிந்து வராந்தாவில் நின்றபோது, உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அவரிடம் கேட்டேன். சொல்லாதீர்கள் என்று அவர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டேன். அவருக்கா தெரியாது? "சொன்னீங்கன்னா எனக்கு நல்லது, அந்தப் புள்ளைக்கு ஆபத்து. அதனால பேசாதீங்க" என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். "ஆனா அவளுக்காகத்தான் பேசாம இருக்கேன்னு உங்களுக்கு நீங்களே சொல்லிக்காதீங்க சார்."

வெளியே போகக்கூடாது என்றதும், வகுப்புக்குள்ளேயே பாடத்தை வைத்துக்கொண்டார். எந்த பெஞ்சில் யார் யாரோடு உட்காருகிறார்கள், மதியம் யார் டப்பாவில் யார் கை போகிறது என்று ஒரு மாதம் அவரவரையே குறிக்கச் சொன்னார். கடைசியில் ஒருநாள் மலையிலிருந்து வரும் நான்கு பிள்ளைகள் மூன்று வருடமாகக் கடைசி பெஞ்சை விட்டு நகரவே இல்லை என்பது அவர்கள் போட்ட படத்திலேயே தெரிந்தது. யார் எழுந்து எங்கே உட்கார வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் அந்த வகுப்புக்குள் போன நான், எங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் வருகைப்பதிவு எடுக்கத் தடுமாறினேன். அந்த மாணவியும் அவள் தோழியும் அந்த வருடம் முழுக்கப் பூங்கோதையின் மேசையில்தான் சேர்ந்து சாப்பிட்டார்கள். நான் எதிர் மேசையில் குனிந்து சாப்பிட்டேன். இருவரும் பட்டம் வாங்கினார்கள்.

துக்க வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் அந்த மாணவியைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். இப்போது வேறொரு மாவட்டத்தில் அரசு வேலையில் இருக்கிறாள். இதை எழுதலாமா என்று அனுமதி கேட்டேன். "எழுதுங்க சார். ஊரு பேரு மட்டும் வேணாம்" என்றாள். சித்தப்பாவுக்குத் தெரிந்தால் என்று இழுத்தேன்.

"நானே சொல்லிட்டேன் சார். கண்ணு ஆபரேஷனுக்கு என் வூட்டுக்குத்தான் வந்திருந்தாரு, ரெண்டு வருஷம் ஆவுது. அது என் படம்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அன்னிக்கே தெரியும்னாரு. 'கூட ரெண்டு பேரு நிக்கிறான், அவனுங்க எதிர்ல நான் வுட்டுட்டு வர முடியாது. அந்த டீச்சரம்மா எனக்கு ஒரு வழி வுட்டாங்க, அதுல வந்துட்டேன்'னாரு. மேடத்தப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. போன பொங்கலுக்கு வந்து பாத்துட்டும் போனாராம்." பிறகு கேட்டாள், "நீங்க மேடத்துக்கிட்ட அதப் பத்தி அப்பறம் பேசினீங்களா சார்?"

நான் பேசவில்லை. விரலை வைத்தவர் போய்ப் பேசிவிட்டார், படத்தை வரைந்தவள் பேசிவிட்டாள். மிச்சம் இருந்தவன் நான் மட்டும்தான். எனக்கு இனி எதிர் மேசையில் ஆள் இல்லை.

அவரிடமிருந்து எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இங்கே எழுத வேண்டும். அவருடைய முறையில் வரும் ஜூனிலிருந்து பாடம் நடத்தப் போகிறேன் என்று எழுத ஆசைதான். இரண்டாம் வாரமே நோட்ஸுக்குத் திரும்பிவிடுவேனோ என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. உண்மையில் நான் இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தது அவர் சொன்ன ஒரு பொய்யைத்தான். அவர் அதை ஒரு பெண்ணுக்காகச் சொன்னார், நான் அதைப் போர்த்திக்கொண்டு தலைவராக உட்கார்ந்திருந்தேன். விசாரணைக் குழுவில் இருந்த மூவரில் இருவர் இந்த மலரைப் படிப்பீர்கள். அன்று நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இப்போது பதில் சொல்கிறேன். பீரோவைத் திறந்து படங்களைச் சுவரில் மாட்டியது நான். பூங்கோதை அந்த ஊருக்கு ஒரு நாளும் போனதில்லை.